திரையரங்க லென்ஸ்களைப் பித்தளை விலைக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூடப்பட்ட திரையரங்குகளின் புரொஜெக்டர்கள் பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடப்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தியைப் படித்தேன். அதனுடன் வெளியான புகைப்படத்தில் இயந்திரங்களின் இரும்பு உடல்கள் தெரிந்தன. லென்ஸ் இருக்க வேண்டிய இடம் மட்டும் ஒவ்வொன்றிலும் வெறும் ஓட்டையாக இருந்தது. அந்த லென்ஸ்கள் எங்கே போகின்றன என்பதையும், போகாமல் இருந்தால் அவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதையும் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்கவே இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில், வேலை செய்யும் பையன் ஒருவன் தடித்த குழாய் ஒன்றைக் கல்மேல் நிறுத்திச் சம்மட்டியால் தட்டிக்கொண்டிருந்தான். பித்தளைக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை. கண்ணாடி கலந்திருந்தால் எடையில் கழிப்பார்கள் என்பதால், கண்ணாடியை உடைத்து உதறிவிட்டுக் குழாயை மட்டும் தராசில் வைப்பது அங்கே வழக்கமாம். நான் கிட்டே போவதற்குள் முன் கண்ணாடி நாலைந்து துண்டுகளாகிச் சாக்கின்மேல் கிடந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டிய கோடு, வெங்காயச் சருகின் ஓரம்போல மெல்லிசாக அதன் விளிம்பில் தெரிந்தது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது என்ன பொருள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. உடையாமல் மீதியிருந்த இரண்டு லென்ஸ்களைக் கடைக்காரர் கேட்ட எடை விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்று திரையரங்குப் புரொஜெக்டரில் இருந்த 5 அங்குல லென்ஸ் (இந்த அங்குலக் கணக்கு லென்ஸின் குவியத் தூரம், அதாவது தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழும் தூரம்). மற்றொன்று, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் புத்தகப் பக்கத்தை அப்படியே சுவரில் பெரிதாக்கிக் காட்டப் பயன்பட்ட எபிடயாஸ்கோப் கருவியின் 14 அங்குல லென்ஸ்.

இவை இரண்டும் இன்று எங்கள் வீட்டுப் பழைய ஸ்டாண்டு கேமராவில் மாறி மாறி ஏறுகின்றன. நல்ல படங்களைத் தருகின்றன. என் தந்தையார் சிறு நகரம் ஒன்றில் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். அவர் விட்டுச்சென்றது, ஆலப்புழையில் கருணாகரன் அவர்களின் பட்டறையில் தேக்கிலும் பித்தளையிலும் செய்யப்பட்ட வாகீஸ்வரி கேமரா. அதில் படம் விழும் தட்டு அரைத்தட்டு அளவு, அதாவது நான்கே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். மரம் உளுத்துப்போகவில்லை, லென்ஸுக்கும் தட்டுக்கும் நடுவே நீண்டு சுருங்கும் தோல் துருத்தியில் இரண்டு இடங்களில் மட்டுமே ஓட்டை விழுந்திருந்தது. ஆனால் அதன் லென்ஸ் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பழைய ஸ்டூடியோக்காரர்களின் வீட்டுப் பரணில் இப்படி லென்ஸ் இல்லாத கேமராக்கள் இன்னும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். பெரிய தட்டை நிரப்பக்கூடிய புகைப்பட லென்ஸை இன்று வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால், ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் மாணவர்களுக்கும் கட்டுப்படியாகாது. ஒருபுறம் லென்ஸ் இல்லாத கேமரா, மறுபுறம் சம்மட்டிக்குக் கீழே லென்ஸ். இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு லேத் பட்டறையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

புரொஜெக்டர் லென்ஸைக் கேமராவில் பொருத்துவது ஏதோ ஒட்டு வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த லென்ஸ் தன் பிறந்த வீட்டுக்குத்தான் திரும்புகிறது. 1839-இல் பிரான்சின் டகேர் தம் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தபோது அவருடைய கேமராவில் இருந்த லென்ஸ் மிக மங்கலானது. வெயிலில் உட்கார்ந்தவர்கள்கூட நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசப் பெட்ஸ்வால் 1840-இல் ஒரு புதிய அமைப்பைக் கணக்கிட்டார். முன்னால் ஒட்டிய இரட்டைக் கண்ணாடி, பின்னால் இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி என்ற அந்த லென்ஸை ஃபாய்க்லாண்டர் நிறுவனம் செய்து விற்றது. அதன் துளை எஃப் 3.6 அளவில் (குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண் இது; எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்) இருந்ததால், பழையதைப்போல் பதினைந்து மடங்குக்குக் குறையாத வெளிச்சம் தட்டில் விழுந்தது. மனிதர்களின் முகத்தை ஸ்டூடியோவில் படமெடுப்பது தொழிலாக மாறியதற்கு அந்த லென்ஸ் ஒரு பெரிய காரணம். வெளிச்சமும் நடுப்பகுதிக் கூர்மையும் வேண்டும், விரிந்த கோணம் வேண்டாம் என்ற அதே தேவை கண்ணாடிப் படங்களைச் சுவரில் காட்டிய மாய விளக்குக்கும் பின்னர் சினிமாப் புரொஜெக்டருக்கும் இருந்ததால், பெட்ஸ்வாலின் அமைப்பு சிறு மாற்றங்களோடு அங்கே குடியேறி, 20-ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் நிலைத்தது. 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டத் தொடங்கிய நாளிலிருந்து, நம் டூரிங் டாக்கீஸ்களில் திரைக்கு வெளிச்சம் போன பாதை இத்தகைய கண்ணாடிகளின் வழியாகத்தான்.

எந்த லென்ஸ் எந்த அளவுத் தட்டுக்குப் போதும் என்பதுதான் முதலில் வரும் கேள்வி. இதற்குப் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. ஒளி போன வழியே திரும்பியும் வரும் என்பது பள்ளிப் பாடம். எந்த அளவுப் பொருளைத் திரையில் காட்டுவதற்காக ஒரு லென்ஸ் செய்யப்பட்டதோ, அந்த அளவுத் தட்டை அது கேமராவில் நிச்சயமாக நிரப்பும். 35 மில்லிமீட்டர் சினிமாச் சுருளில் கேட் எனப்படும் சட்டத் திறப்பு வழியாகத் தெரியும் படம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் உயரம். மூலைக்கு மூலை அளந்தால் 26 மில்லிமீட்டர்தான். மாய விளக்கின் கண்ணாடி ஸ்லைடு இங்கிலாந்து அளவில் மூன்றேகால் அங்குலச் சதுரம். என்னிடம் உள்ள எபிடயாஸ்கோப் லென்ஸ் 15 சென்டிமீட்டர் சதுரமான புத்தகப் பக்கத்தைக் காட்டியது. அதன் மூலைவிட்டம் 21 சென்டிமீட்டர். அரைத்தட்டின் மூலைவிட்டமோ 20 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே அந்த லென்ஸ் என் கேமராவுக்கென்றே அளவெடுத்ததுபோல் அமைந்தது. ஓவர்ஹெட் புரொஜெக்டரின் தலையில் இருக்கும் லென்ஸ் 25 சென்டிமீட்டர் சதுரத் தாளைக் காட்டுவது என்பதால், 8-க்கு 10 அங்குலத் தட்டையும் அது நிரப்பும். ஆனால் அதில் பெரும்பாலும் எளிய கண்ணாடிகளே இருப்பதால் படம் மென்மையாக, ஓரங்களில் சற்று ஒளிப்புகை படர்ந்தாற்போல் வரும். முகங்களுக்கு அது பொருந்தும், கல்வெட்டுக்குப் பொருந்தாது.

இந்தக் கணக்கு சொல்வது குறைந்தபட்ச அளவைத்தான். என்னுடைய 5 அங்குலத் திரையரங்க லென்ஸ் 26 மில்லிமீட்டருக்காகச் செய்யப்பட்டது என்றாலும், கேமராவில் ஏறத்தாழ நான்கு அங்குல வட்டத்துக்கு வெளிச்சம் தருகிறது. அதன் நடுவே உள்ளங்கைக் குழி அளவுக்குத்தான் கூர்மை. அதற்கு வெளியே உருவங்கள் கரைந்து, பின்னணியிலுள்ள இலைகள் நடுவைச் சுற்றிச் சுழல்வதுபோல் வளைகின்றன. வளைந்த குவியத் தளம் என்று பாடப்புத்தகம் குறையாகச் சொல்லும் இந்தத் தன்மைக்காகவே இன்று உலகில் பலர் பெட்ஸ்வால் லென்ஸ்களைத் தேடிப்பிடிக்கிறார்கள். பொருளை நெருங்கிப் படமெடுக்கும்போது துருத்தி நீளும். துருத்தி நீள நீள வட்டமும் பெரிதாகும். பொருளின் அளவிலேயே படமும் விழும் தூரத்தில் வட்டம் இரு மடங்காகிவிடும். எனவே தொலைவிலுள்ள கோபுரத்தை நிரப்ப முடியாத திரையரங்க லென்ஸ், கையளவு வெண்கல விளக்கையோ ஒரு செம்பருத்திப் பூவையோ தட்டு முழுவதும் எடுத்துத் தரும்.

லென்ஸை எந்தப் பக்கமாகப் பொருத்துவது என்பதில் பலர் தவறுகிறார்கள். திரையை நோக்கியிருந்த பக்கம் படமெடுக்கப்படுபவரை நோக்க வேண்டும்; சுருளை நோக்கியிருந்த பக்கம் தட்டை நோக்க வேண்டும். குழாயைப் பார்த்து இதை ஊகிப்பது கடினம் என்பதால், இயந்திரத்திலிருந்து கழற்றும்போதே திரைப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிடுவது நல்லது. குவியத் தூரம் பெரும்பாலும் குழாயில் வெட்டியிருக்கும். தேய்ந்துபோயிருந்தால் திரையரங்கின் அளவுகளே அதைச் சொல்லிவிடும். புரொஜெக்டரிலிருந்து திரைக்கு 100 அடி, திரையின் அகலம் பதினாறரை அடி, கேட்டின் அகலம் 0.825 அங்குலம் என்றால், 100-ஐ 0.825-ஆல் பெருக்கிப் பதினாறரையால் வகுத்தால் 5 அங்குலம் என்று வரும். சினிமாஸ்கோப் படத்துக்காக முன்னால் மாட்டும் பகுதி இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். இந்தக் கணக்கும் அது இல்லாத படத்துக்கே பொருந்தும். எந்த விவரமும் தெரியாத லென்ஸை மேசைமேல் நிறுத்தி, சன்னலுக்கு வெளியே தொலைவிலுள்ள மரத்தின் பிம்பத்தை எண்ணெய்த் தாளில் பிடித்து, தாள் இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம். பிறகு வெளிச்சமுள்ள ஓர் அளவுகோலின் பிம்பம் அதே அளவில் தெரியும்வரை தாளையும் அளவுகோலையும் நகர்த்திச் சரிசெய்து, தாளின் புதிய இடத்தைக் குறிக்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரமே குவியத் தூரம். இதை நான் மாணவர்களுக்கு ஆய்வகத்தில் பல ஆண்டுகள் சிறிய லென்ஸ்களில் செய்துகாட்டியிருக்கிறேன். பெரிய லென்ஸிலும் பிசகில்லை.

கேமராவில் ஏற்றும் வேலை தச்சருக்கும் லேத்காரருக்கும் உரியது. புரொஜெக்டர் லென்ஸின் குழாயில் திருகு மரை இருக்காது. அது ஒரு வளையத்துக்குள் நுழைந்து இறுக்கிப் பிடிக்கப்படும் வழவழப்பான உருளை. பிற்காலத் திரையரங்க லென்ஸ்கள் பலவற்றின் விட்டம் 70.6 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு அலுமினிய வளையம் ஒன்றைக் கடைந்து, பக்கவாட்டில் ஒரு பிளவும் இறுக்கும் போல்ட்டும் வைத்து, லென்ஸ் பலகையில் நான்கு திருகால் பதித்துவிட்டால், லென்ஸை ஒரு நிமிடத்தில் மாட்டலாம், கழற்றலாம். பி.வி.சி. குழாயின் இணைப்புத் துண்டைச் சூடாக்கி விரித்தும் செய்திருக்கிறேன். வெயில் காலத்தில் அது நெகிழ்ந்துவிடுவதால் கனமான லென்ஸுக்கு ஏற்றதல்ல. கனம்தான் இங்கே பெரிய சிக்கல். எபிடயாஸ்கோப் லென்ஸை ஏற்றியதும் கேமராவின் முன்சட்டம் கூப்பிய கைபோல முன்னால் சாய்ந்துவிட்டது. பலகையின் கீழ் விளிம்பிலிருந்து அடிச்சட்டத்துக்கு ஒரு பித்தளைத் தாங்கு கொடுத்த பிறகே அது நிமிர்ந்து நின்றது. மேலும், 14 அங்குல லென்ஸைக் கொண்டு ஆறரை அடி தொலைவில் அமர்ந்திருப்பவரை எடுக்க லென்ஸுக்கும் தட்டுக்கும் இடையே 17 அங்குலம் வேண்டும். எங்கள் துருத்தி முழுக்க நீட்டினாலும் 16 அங்குலம்தான். எனவே முன்னால் மூன்று அங்குல ஆழத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று செய்து, உட்புறம் கறுப்படித்து, அதன் முகப்பில் லென்ஸைப் பொருத்தினோம்.

புரொஜெக்டர் லென்ஸில் துளையைச் சுருக்கும் இதழ்கள் கிடையாது. திரைக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைத்தாலும் நல்லது என்பதால் அதைச் செய்தவர்களுக்கு அந்தத் தேவையே இல்லை. புகைப்படத்துக்கு அது வேண்டும். 1858-இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர் காட்டிய வழி இன்றும் போதும்: லென்ஸின் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில், வட்டத் துளையிட்ட தகட்டைச் செருகுவது. நான் குழாயை வெட்டத் துணியாமல், முன் கண்ணாடியைக் கழற்றி, கறுப்பு அட்டையில் வெட்டிய வளையத்தை உள்ளே வைத்து மறுபடி மூடுகிறேன். 14 அங்குலம் என்பது 356 மில்லிமீட்டர். எஃப் 8-க்கு 44 மில்லிமீட்டர் துளை, எஃப் 11-க்கு 32, எஃப் 16-க்கு 22. முன் கண்ணாடியின் ஊடாகப் பார்க்கும்போது துளை சற்றுப் பெரிதாகத் தெரியும் என்பதால் உண்மையான வெளிச்சம் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அது பொருட்படுத்த வேண்டிய அளவல்ல. துருத்தி நீண்டதற்கான இழப்பைத்தான் மறக்கக் கூடாது. மேலே சொன்ன ஆறரை அடித் தொலைவில் ஒளிபடும் நேரத்தை ஒன்றரை மடங்காக்க வேண்டியிருக்கும்.

ஷட்டரும் இல்லை. காற்றுப் பந்தை அழுத்தித் திறக்கும் பேக்கார்ட் ஷட்டர், திரைச்சீலைபோல் சுருண்டு ஓடும் தார்ன்டன் பிக்கார்ட் ஷட்டர், தட்டுக்கு முன்னாலேயே ஷட்டர் கொண்ட ஸ்பீடு கிராஃபிக் கேமரா ஆகியவை உள்ளவர்கள் அவற்றைப் பயன்படுத்தலாம். நான் என் தந்தையாரைப்போல் மூடியைக் கையால் எடுத்து மூடுகிறேன். ஃபிலிமுக்குப் பதிலாக, அச்சுப் போடும் புகைப்படத் தாளையே இருட்டறையில் வெட்டித் தட்டுச் சட்டத்தில் வைக்கிறேன். அதன் வேகத்தை, அதாவது ஒளியை உணரும் திறனை, ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது. சிவப்பு விளக்கில் கழுவலாம், பிம்பம் தாளில் எழுவதைக் கண்ணால் பார்க்கலாம். கழுவி உலர்ந்த காகித நெகட்டிவை இன்னொரு தாளோடு முகத்துக்கு முகம் சேர்த்து, மேலே கண்ணாடி வைத்து அழுத்தி ஒளி காட்டினால் நேர்ப்படம் வந்துவிடும். காகித நெகட்டிவ் நம் மண்ணுக்குப் புதிதல்ல: 1858-இல் மதராஸ் அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் எடுத்தது மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில்தான். எக்ஸ்ரே ஃபிலிமும் பயன்படும். அது தாளைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனால் பெரும்பாலானவற்றில் இரு பக்கமும் மருந்து பூசியிருப்பதால், கழுவும் தட்டில் நகம் பட்டால்கூடக் கீறல் விழும்.

இங்கே திரையரங்க லென்ஸின் பலமே தொந்தரவாகிவிடுவதைச் சொல்ல வேண்டும். எஃப் 2 அளவுக்குத் திறந்த லென்ஸில், நிழலில் அமர்ந்தவரைக்கூட மெதுவான தாளில் ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரம் எடுத்தால் போதும். கையால் மூடியைத் திறந்து மூட அந்த நேரம் போதாது. எஃப் 5.6-க்கு 23 மில்லிமீட்டர் வளையம் போட்டு, வெயில் நேரே படாத திண்ணையின் உட்பகுதிக்குப் போன பிறகே ஒரு விநாடிக் கணக்கு வந்தது.

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது வேறொன்று. கேமராவின் பின்புறம் பிம்பத்தைப் பார்க்கும் மங்கல் கண்ணாடியான கிரவுண்டு கிளாஸில் கண்ணிமை ரோமம்வரை கூர்மையாக வைத்து எடுத்த படம், கழுவிப் பார்த்தால் கண் மங்கி, காது கூர்மையாக இருந்தது. ஐந்து தீக்குச்சிகளை ஒன்றின் பின் ஒன்றாக ஓர் அங்குல இடைவெளியில் சாய்வாக நட்டு, நடுக்குச்சிக்கு ஃபோகஸ் செய்து எடுத்துப் பார்த்தேன். கூர்மையாக விழுந்தது நான்காவது குச்சி. புரொஜெக்டர் லென்ஸைத் திருத்தியது மனிதக் கண்ணுக்காக. கண்ணுக்கு மிகுதியாகத் தெரிவது பச்சையும் மஞ்சளும். புகைப்படத் தாள் பெரும்பாலும் நீலத்தையே உணர்கிறது. நீல ஒளி குவியும் இடம் சற்றுப் பின்தள்ளி இருந்ததே காரணம். அன்றிலிருந்து, கண்ணால் ஃபோகஸ் செய்த பிறகு துருத்தியை அரை நூல் அளவு (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) வெளியே நீட்டிவிட்டுத் தாளை மாட்டுகிறேன். இந்த அளவு லென்ஸுக்கு லென்ஸ் மாறும். தீக்குச்சிச் சோதனையை ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்வதுதான் வழி.

அந்த 5 அங்குல லென்ஸில் நான் எடுத்த முதல் முகம், அதே வட்டாரத்துத் திரையரங்கு ஒன்றில் நெடுங்காலம் ஆப்பரேட்டராக இருந்த பெரியவருடையது. எண்பதைக் கடந்தவர். லென்ஸைக் கையில் கொடுத்ததும் பித்தளை விளிம்பில் இருந்த நசுங்கலைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவினார், எதுவும் சொல்லவில்லை. திண்ணைத் தூணோரம் அவரை உட்காரவைப்பதற்கு முன், கறுப்புத் துணிக்குள் வந்து கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். எதிரே நின்ற என் பேரன் அதில் தலைகீழாகத் தெரிந்தான். முதல் முறை பார்க்கும் எல்லோரும் படம் தலைகீழாக இருக்கிறதே என்றுதான் கேட்பார்கள். அவர் கேட்கவில்லை. "நாங்க ஃபிலிமையே தலைகீழாத்தானே சார் மாட்டுவோம்" என்றவர், துணிக்குள்ளிருந்தே கையை நீட்டி, ஃபோகஸ் திருகைத் தேடிப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் உள்ள போகணும்" என்று தாமே திருப்பினார். அவர் வைத்த ஃபோகஸ் மிகச் சரியாக இருந்தது. பிறகு அவரை அமரச் செய்து, மூடியை எடுத்து ஒரு விநாடி எண்ணி மூடினேன். படத்தின் நான்கு மூலைகளும் இருட்டு. நடுவிலுள்ள வட்டத்தில் அவர் முகச் சுருக்கங்களும் நெற்றித் திருநீற்றின் மூன்று கோடுகளும் தெளிவாக இருக்கின்றன. தோளுக்குப் பின்னால் முற்றத்து முருங்கைமரம் சுழன்று கரைகிறது.

பழைய லென்ஸைக் கையாளும்போது செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். விளக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் சாம்பலோ திருநீறோ போட்டு லென்ஸைத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியின் மேற்பூச்சு அத்தோடு போய்விடும். முதலில் காற்றை ஊதித் தூசியை அகற்றி, பிறகு துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணியைத் துளி நீரில் நனைத்து, நடுவிலிருந்து வெளியே துடைத்தால் போதும். மரை இறுகியிருந்தால் இடுக்கி போடாமல், விளிம்பில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்திருந்து, பழைய ரப்பர் செருப்பின் அடியை வட்டமாக வெட்டி அழுத்தித் திருப்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும். கண்ணாடிகளை வெளியே எடுக்குமுன் ஒவ்வொன்றின் விளிம்பிலும் பென்சிலால் முன்பக்கம் காட்டும் அம்புக்குறி இட வேண்டும். பெட்ஸ்வால் லென்ஸின் பின் இரட்டையில் ஒன்று திரும்பிவிட்டாலும் படம் பாழ். கார்பன் விளக்கின் வெக்கையில் ஆண்டுக்கணக்கில் இருந்த லென்ஸ்களில், ஒட்டுப் பிசின் விளிம்பிலிருந்து பிரிந்து வானவில் நிறத்தில் வளையங்கள் தெரிவதுண்டு. வளையம் ஓரத்தோடு நின்றிருந்தால் படத்துக்குப் பெரிய கேடில்லை. பூஞ்சை வலைபோல் படர்ந்திருந்தாலும் லென்ஸைத் தூக்கிப்போட வேண்டாம். மேற்பூச்சை அரிக்காத ஆரம்ப நிலையில் அது துடைத்தாலே போய்விடும்.

தங்கள் நாளிதழைத் திரையரங்கு உரிமையாளர்களும் தலைமையாசிரியர்களும் கல்லூரி இயற்பியல் துறையினரும் படிக்கிறார்கள் என்பதால், அவர்களிடம் என் வேண்டுகோளை நேராகவே வைக்கிறேன். புரொஜெக்டரை எடைக்குப் போடுவது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். லென்ஸை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எடையில் அது ஒரு கிலோ, இரண்டு கிலோ. அதனால் இழக்கும் பணம் சொற்பம். பள்ளிகளில் பயன்படாதவை என்று கழிக்கும் பொருட்களின் பட்டியலில் எபிடயாஸ்கோப்பும் ஓவர்ஹெட் புரொஜெக்டரும் வரும்போது, லென்ஸைத் தனிப் பொருளாகக் குறித்து ஆய்வகத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் முழு நல்ல நிலையிலிருந்த கருவி ஒன்று ஏலத்தில் இரும்போடு இரும்பாகப் போனது. அன்று பட்டியலில் கையெழுத்திட்டவர்களில் ஒருவருக்கும் உள்ளே என்ன கண்ணாடி இருக்கிறது என்று தெரியாது. எனக்கும் அது தெரியவந்தது பின்னால்தான்.

கவின்கலைக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் புகைப்படம் பயிலும் மாணவர்களுக்கு, லென்ஸ் என்பது கைப்பேசிக்குள் இருக்கும் கடுகளவுப் பொருளாகவே அறிமுகமாகிறது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய லென்ஸை ஒரு மரப்பெட்டியில் தாமே பொருத்தி, தாமே அளந்து, தாமே துளை வெட்டி ஒரு படம் எடுக்கும் வாய்ப்பை அவர்களுக்கு அந்தத் துறைகள் தர வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு வேண்டிய லென்ஸ்கள் இந்த மாநிலத்திலேயே, மூடிய திரையரங்குகளின் புரொஜெக்டர் அறைகளில் இருக்கின்றன. கழற்றி வைப்பவர்கள் ஓர் அட்டையில் எந்த இயந்திரத்திலிருந்து எடுத்தது, திரைக்கு எத்தனை அடி, திரை எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் திரையைப் பார்த்தது என்ற நான்கு விவரங்களை எழுதி லென்ஸோடு கட்டி வைத்தால், அதை வாங்கிப் பயன்படுத்துபவருக்குப் பாதி வேலை குறையும். பழைய துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில், கண்ணாடி தரையில் படாமல் குழாயைப் படுக்கவைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.